திறக்கப்படாத இரண்டாம் வாசல்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றோடு மடிக்கணினியும் அதே விழாவில் வழங்கப்பட்டது. இலவசம் தகுமா தகாதா என்று அப்போது கிளம்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கு ஒரு கணினி போய்ச் சேர்ந்தது நல்ல காரியம். அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கணினிகள் அப்படிப் போய்ச் சேர்ந்தன. இதைப் பரிகசிப்பவர்களோடு எங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

எங்கள் வழக்கு வேறு. அந்தக் கணினிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று ‘பாஸ்’ லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. முதல் வாசல் வழியே எல்லோரும் போனார்கள். இரண்டாவது வாசல் எதற்காக வைக்கப்பட்டது, அதன் வழியே போனால் என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உருப்படியான ஏற்பாடு இருக்கவில்லை. நம் ஊரில் இது புதிதல்ல. நூலகம் கட்டித் திறப்புவிழா நடத்துவோம். நூலகரை நியமிக்க மறந்துவிடுவோம்.

அந்த முதல் வாசலின் இலட்சணத்தையும் சொல்லவேண்டும். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7 வகைகளிலேயே கைகால் கட்டப்பட்ட வகை. திரையின் பின்னணிப் படத்தைக்கூட பயனர் தன் விருப்பப்படி மாற்ற அது இடம் தராது. பதினாறு பதினேழு வயதில் ஒரு பிள்ளை புதுக் கணினியைத் திறந்ததும் செய்ய விரும்பும் முதல் வேலை அதுதான். ‘இது உன்னுடையது’ என்று மேடையில் கொடுத்த பொருள், வீட்டுக்குப் போனதும் ‘நீ வெறும் குடக்கூலிக்காரன்’ என்று சொன்னது. எங்கள் கோபம் முழுவதும் இந்த ஒரு முரணில் அடங்கும்.

இலக்கியப் பக்கத்தில் இயங்குதளத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். ஏடு, தாள், அச்சு, எழுத்துரு என எழுத்தின் கருவிகளைப் பற்றிப் பேசாத இலக்கிய மரபு எதுவும் இல்லை. எழுத்துச் சீர்திருத்தத்துக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டையிட்டவர்கள் நாம். ஓலையிலிருந்து தாளுக்கு ஏறாமல் செல்லரித்துப் போன சுவடிகளை நினைத்து இன்றும் வருந்துகிறோம். அப்படிப்பட்ட நாம், எழுதுவது அனைத்தும் கணினி வழியே நடக்கும் காலத்தில், கணினி யார் சொல்படி நடக்கிறது என்று கேட்காமலிருப்பது அடக்கமல்ல; சோம்பல்.

*

விஷயத்துக்கு வருவோம். இன்னொரு இயங்குதளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இருப்பதை அழிக்கவேண்டும் என்ற அச்சம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. இந்த அச்சம் பழையது; காரணம் எப்போதோ காலாவதியானது. 2000ஆம் ஆண்டு ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் ‘நாப்பிக்ஸ்’ என்ற இயங்குதளத்தை வெளியிட்டார். குறுந்தகட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால் முழு லினக்ஸ் சூழலும் அந்தத் தகட்டிலிருந்தே ஓடியது. வன்தட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2005 முதல் 2011 வரை உபுண்டு குழுமம் கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பிவைத்தது. தபால்காரர் கொண்டுவந்த அந்த உறைகள் இன்னும் எத்தனையோ தமிழ் வீடுகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. இப்போது குறுந்தகட்டின் இடத்தில் பென் டிரைவ் வந்திருக்கிறது. எட்டு ஜிபி கொண்ட ஒன்று போதும். விலை சில நூறு ரூபாய்.

செய்முறை நாலு வரியில் அடங்கும். உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற ஏதேனும் ஒன்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கவேண்டும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு செயலியைக் கொண்டு அதைப் பென் டிரைவில் எழுதவேண்டும். கோப்பை நகலெடுத்து ஒட்டினால் போதாது, எழுதத்தான் வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் தொடங்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று அந்தந்தக் கணினிக்குரிய விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தால் புதிய இயங்குதளம் கணினியின் நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கும். ‘நிறுவு’ என்ற பொத்தானை அழுத்தாதவரை வன்தட்டில் இருப்பவை இருந்தபடியே இருக்கும். அணைத்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய கணினி பழையபடி கிடைக்கும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடுவது, நிறுவப்பட்டதைவிட மெதுவாகத்தான் இருக்கும். தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அதில் எழுதிய கோப்புகள் கணினியை அணைத்ததும் போய்விடும். சில கணினிகளில் வைஃபை உடனே வேலைசெய்யாது. பிட்லாக்கர் பூட்டு உள்ள விண்டோஸ் கணினிகளில் தொடக்க அமைப்புகளை மாற்றினால், திரும்ப விண்டோசுக்குள் போகும்போது மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியில் இதைச் சொல்லாமல் செய்யக்கூடாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல் இணையத்தோடு தொடர்பில்லாத ஆலைக் கணினிகளுக்குள்ளும் பென் டிரைவ் வழியாகவே நுழைய முடிந்தது என்பதை நினைத்தால், தொழிற்சாலைகள் அந்தத் துளையை அடைத்துவைப்பதில் நியாயம் உண்டு. நாங்கள் பேசுவது வீட்டுக் கணினியைப் பற்றி. உங்கள் பெயரில் உள்ள கணினியைப் பற்றி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே பானையை இறக்கவும் வேண்டாம். அடுப்பை அணைக்கவும் வேண்டாம்.

*

தமிழகத்துக்கு இது தெரியாத விஷயமா? அப்படியும் சொல்ல முடியாது. 2006இல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரான உமாசங்கர், நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் கணினிகள் போகும்படி செய்தார். மேனிலைப் பள்ளிக் கணினிப் பாடநூல்கள் 2005ஐ ஒட்டியே மைக்ரோசாப்ட் ஆபீசை விட்டு ஸ்டார் ஆபீசுக்கு வந்துவிட்டன. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீசும் பாடமாகவே இருக்கின்றன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, மாற்றாக பாஸ் லினக்சைப் பரிசீலிக்குமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

ஆணைகளுக்குக் குறைவே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். அதிகாரி மாறினால் கொள்கை மாறியது. கொள்கை மாறாதபோதும் வகுப்பறை மாறவில்லை. பாடநூலில் உபுண்டுவின் படத்தைப் பார்த்து, அதன் பணிக்கூறுகளை மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிட்டு, அதை ஒருமுறையும் தொட்டுப் பாராமல் பள்ளியை விட்டு வெளியேறிய மாணவர்கள் நம்மிடையே ஏராளம். நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்கும் கலையில் நாம் தேர்ந்தவர்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வே அதில்தான் நடக்கிறது. தங்களுக்கென ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து, மலையாளத்தைச் சேர்த்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் புதுப்பித்தும் வருகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு பணமோ மூளையோ அல்ல. அவர்கள் முதலில் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகுதான் பிள்ளைகளிடம் போனார்கள். நாம் பொருளைக் கொடுத்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம், போய்விட்டோம்.

*

இவ்வளவு காலம் கழித்து இதை ஏன் கிளறவேண்டும்? காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஏறக்குறைய 2017க்குப் பிறகு வந்த செயலிகளையும் கேட்கிறது. அதற்கு முந்தைய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் சீட்டுக் கிழிக்கப்பட்டுவிட்டது. விலையில்லாத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த கணினிகள் அனைத்தும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இப்படிச் சீட்டுக் கிழிந்த கணினிகள் எங்கே போகும்? அதற்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. சென்னையிலிருந்து வடக்கே மின்தொடர்வண்டி போய் நிற்கும் ஊர்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருட்டாலைகள், வார்ப்பாலைகள், ஈயம் உருக்கும் ஆலைகள் ஆகியவற்றோடு அபாயகரக் கழிவுகளைப் புதைக்கும் நிலமும் இருக்கிறது. மின்கழிவுகளைப் பிரிக்கும் கூடங்களும் அந்த வட்டாரத்தில் உண்டு. மாவட்டத்தின் ஒரு மூலையில் விழா எடுத்துக் கொடுத்த பொருளை இன்னொரு மூலையில் உடைத்துப் பொடியாக்கலாம். இடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள். செம்பையும் தங்கத்தையும் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நஞ்சு, அந்த ஊர் மண்ணோடும் நீரோடும் அங்கே வேலைசெய்யும் ஒடியாக்காரர், பீகார்க்காரர், உள்ளூர்க்காரர் எல்லோருடைய மூச்சோடும்தான் கணக்குத் தீர்க்கும்.

மறுசுழற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையிலேயே செத்த கணினியை முறைப்படி பிரிப்பதுதான் சரி. ஆனால் உயிரோடு இருப்பதைச் செத்ததென்று அறிவிக்கும் அதிகாரத்தை ரெட்மண்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு யார் கொடுத்தது? இரண்டு ஜிபி, நாலு ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகளில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான பணிச்சூழல்களோடு கூடிய லினக்ஸ் இன்றும் ஓடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்களையும் பெறுகிறது. திரைப்படத் தொகுப்புக்கு அது உதவாது. கட்டுரை எழுத, மின்னூல் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, நிரல் எழுதிப் பழக அது தாராளமாகப் போதும். ஓடுகிறதா இல்லையா என்று அறிய, கழிவுக் கிடங்குக்கு அனுப்புமுன் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்க்க ஆகும் நேரம் அரைமணி. அந்த அரைமணியைச் செலவிட மறுப்பவர்கள் கும்மிடிப்பூண்டியின் காற்றைப் பற்றிக் கவிதை எழுத வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

*

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் ஏராளமாகப் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. அந்த மென்பொருளின் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்தது. அதோடு வளர்ச்சி நின்றது. அதில் பயன்பட்ட தமிழ் எழுத்துருக்களோ ஆளுக்கொரு குறியீட்டு முறை. யூனிகோடு பரவியபின் புதியவை பிழைத்துக்கொண்டன, பழையவை? எழுத்தாளர் பலரின் இருபதாண்டு உழைப்பு, இன்று தொடங்க மறுக்கும் ஏதோ ஒரு கணினியின் வன்தட்டில், பெயர் மறந்துபோன எழுத்துருவில் உறங்குகிறது. ‘கணினி போச்சு, எல்லாம் போச்சு’ என்று கைவிரித்தவர்களை நாம் அறிவோம். விண்டோஸ் தொடங்க மறுத்தாலும், வன்தட்டு உயிரோடிருந்து பூட்டப்படாமலும் இருந்தால், பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கி உள்ளே இருக்கும் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட முடியும். சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரைப் போற்றும் நாம், நம் மேசைக்கு அடியில் கிடக்கும் சுவடியைத் தேட இவ்வளவு சிறிய அலைச்சலுக்கும் தயாராக இல்லையென்றால் அந்தப் போற்றுதலுக்குப் பொருளில்லை.

தமிழில் எழுத முடியுமா என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்சிலும் இருக்கிறது. ஒலிபெயர்ப்பும் தட்டச்சு முறையும் இருக்கின்றன. லோகித், நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் தமிழ் முகத்தோடு வருகிறது. மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை. ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். ஆனால் அந்தக் குறையை நாமே நிரப்பலாம் என்ற உரிமை இங்கே மட்டும்தான் உண்டு. இருப்பவற்றில் பெரும்பகுதியும் தன்னார்வலர்கள் இரவில் கண்விழித்துச் செய்ததுதான். ஒரு சொல்லுக்குத் தமிழ் என்ன என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சொல்லையே தொழிலாகக் கொண்ட நம்மில் எத்தனை பேர் உதவினோம்?

*

மறுப்புகள் சிலவற்றுக்கும் விடை சொல்லிவிடுகிறோம்.

‘தொழிற்பேட்டையில் வேலை வேண்டுமென்றால் டேலியும் ஆட்டோகேடும் தெரியவேண்டும், அவை விண்டோசில்தானே ஓடுகின்றன?’ உண்மை. கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ கணக்கெழுதப் போகும் பிள்ளை அவற்றைக் கற்கட்டும். விண்டோசைத் தூக்கியெறி என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு மொழி தெரிந்தவனுக்கு ஒரு மொழி தெரிந்தவனைவிட வேலைவாய்ப்புக் குறையும் என்று எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. தவிரவும், உலகின் வழங்கிக் கணினிகளில் பெரும்பாலானவையும் நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் லினக்ஸ் கருவின்மீதுதான் நிற்கின்றன. அந்த வீட்டின் வாசலை ஒருமுறையேனும் தாண்டிப் பார்த்த பிள்ளைக்கு ஆலைக்கு வெளியேயும் ஓர் உலகம் தெரியும்.

‘இலவசமாகக் கொடுப்பதில் என்ன தரம் இருக்கும்?’ விலையில்லாக் கணினி வாங்கியவர்களைப் பார்த்து வீசப்பட்ட அதே ஏளனம், வேறு உடையில் வருகிறது. விலையை வைத்து மதிப்பைக் கணிப்பவர்களுக்கு நூலகத்தின் மதிப்பும் விளங்காது.

மூன்றாவது கண்டனம், மறுதரப்பில் நிற்கும் லினக்ஸ் அன்பர்கள் மேல். புதிதாக வந்து ஒரு கேள்வி கேட்பவரை ‘கையேட்டைப் படி’ என்று ஆங்கிலத்தில் விரட்டும் பழக்கத்தை எப்போது விடுவீர்கள்? சுதந்திரம் பற்றிச் சொற்பொழிவாற்றிவிட்டு, முதல்முறை வைஃபை இணையாமல் தவிப்பவரைத் தனியே விட்டுப் போவது எந்த வகைச் சுதந்திரம்? விதிவிலக்குகள் உண்டு. 2012 முதல் கணியம் மின்னிதழ் இவற்றையெல்லாம் எளிய தமிழில் எழுதி இலவசமாகத் தந்துவருகிறது. விழுப்புரத்தின் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறது. அந்த விதிவிலக்குகள் விதியாகாதவரை, ஐம்பது லட்சம் கணினிகளின் இரண்டாம் வாசல் பூட்டியே கிடந்ததில் உங்களுக்கும் பங்குண்டு.

*

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்கும் திட்டத்தை அரசு மீண்டும் அறிவித்தது. 2011இன் பாடம் அதில் சேரவேண்டும். கணினியோடு ஒரு பென் டிரைவும், அதை எப்படிச் செருகுவது என்று தமிழில் நாலு பக்கத் துண்டறிக்கையும், கல்லூரிக்கு இரண்டு மணிநேரப் பயிற்சியும் போதும். திருவள்ளூர் மாவட்ட மைய நூலகமும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைக் கிளைகளும் பத்துப் பென் டிரைவ்களைப் புத்தகம்போல இரவல் கொடுக்கலாம். திருப்பித்தரத் தாமதமானால் வழக்கமான அபராதத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் நூல் வெளியீடு முடிந்து தேநீர் வரும் இடைவேளை எப்போதும் அரைமணிக்குக் குறைவதில்லை. அந்த அரைமணியில் ஒருவர் தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவரட்டும். இன்னொருவர் பென் டிரைவைக் கொண்டுவரட்டும். பிடிக்கவில்லையென்றால் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம், எதுவும் குறைந்துவிடாது. பார்த்தபின் வேண்டாம் என்பவரோடு எங்களுக்குச் சண்டையில்லை. பாராமலே வேண்டாம் என்பவரோடுதான் சண்டை, அது தொடரும்.